ஓட்டு இடுக்கில் விழும் வட்ட வெளிச்சம்: இதை வைத்து வேறென்ன பார்க்கலாம்?

திண்ணைவாசி:

சீமை ஓடு வேய்ந்த வீடு. காலை பத்து மணிக்கு மேல் கூடத்துத் தரையில் ஏழெட்டு வெளிச்சப் பொட்டுகள் விழும். ஓடுகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளில் ஒன்றுகூட வட்டம் இல்லை; ஒன்று வெறும் கீறல், ஒன்று முக்கோணம். தரையில் விழுவதோ வட்டம், வெயில் சாய்ந்தால் முட்டை வடிவம். ஓட்டின் மூலை உடைந்த இடத்துக்குக் கீழே மட்டும் உடைந்த வடிவமே ஏறக்குறைய அப்படியே விழுகிறது.

ஏன் இப்படி? விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு, தொலைநோக்கி எதுவும் வாங்காமல், இந்தப் பொட்டை வைத்து அளந்து காட்ட என்னென்ன இருக்கிறது? செய்முறையும் அளவும் சொன்னால் நல்லது. "ஆகா, அற்புதம்" வகைப் பதில்கள் வேண்டாம்.

நிழற்கோல்:

தரையில் விழுவது சூரியனின் படம். தலைகீழான படம்தான், ஆனால் வட்டத்தைக் கவிழ்த்தாலும் வட்டமாகவே இருப்பதால் தெரிவதில்லை.

சூரியன் வெறும் புள்ளியாக இருந்தால் இடுக்கின் வடிவம் அச்சுப் பிசகாமல் தரையில் விழுந்திருக்கும். வானத்தில் அது அரை டிகிரிக்குச் சற்றுக் கூடுதல் அகலமுள்ள ஒரு தட்டு. தட்டின் ஒவ்வொரு புள்ளியும் அந்த முக்கோண இடுக்கு வழியாக ஒரு சின்ன முக்கோண வெளிச்சத்தைத் தரையில் போடுகிறது. எண்ணற்ற முக்கோணங்கள் வட்டமாக அடுக்கப்பட்டால் மொத்த உருவம் வட்டம்தான். கெப்ளர் 1604-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் இதை நூலும் புத்தகமும் வைத்தே விளக்கியிருக்கிறார். பிள்ளைகளோடு அதையே செய்து பாருங்கள்: உயரத்தில் ஒரு புத்தகம், அதற்குக் கீழே முக்கோண ஓட்டை வெட்டிய அட்டை, அடியில் வெள்ளைத்தாள். புத்தகத்தின் ஒரு மூலையில் நூலைக் கட்டி, ஓட்டை வழியே கீழே இழுத்து, ஓட்டையின் விளிம்பை உரசியபடி சுற்றி வந்து நூல் தொடும் இடங்களைத் தாளில் குறியுங்கள். ஒரு முக்கோணம் வரும். புத்தகத்தின் விளிம்பு நெடுக நூலை மாற்றி மாற்றிக் கட்டினால் தாளில் புத்தகத்தின் வடிவம் உருவாகிவிடும்.

இனி கணக்கு. சூரியனுடைய தூரம் அதன் விட்டத்தைப் போல ஏறத்தாழ 108 மடங்கு. ஆகவே துளையிலிருந்து தரைக்கு உள்ள தூரத்தை 108-ஆல் வகுத்தால் படத்தின் விட்டம். 3 மீட்டருக்கு 28 மி.மீ. இதோடு துளையின் அகலம் மங்கலான ஓரமாகச் சேரும்; 5 மி.மீ. இடுக்கு என்றால் ஓரம் உட்பட 33 மி.மீ. மூலை உடைந்த ஓட்டில் ஓட்டை 5 செ.மீ. இருக்கலாம், சூரியப் படமோ 28 மி.மீ.தான். ஓட்டை படத்தைவிடப் பெரிதாக இருந்தால் ஓட்டையின் வடிவம் ஜெயிக்கும், மூலைகள் கொஞ்சம் மழுங்கும், அவ்வளவே. அதன்மேல் சின்னத் துளையிட்ட அட்டையை வைத்துப் பாருங்கள், உடனே வட்டமாகிவிடும்.

அளக்கும்போது தரையில் அளக்காதீர்கள். சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருந்தால் தரையில் விழும் பொட்டு அகலத்தைப் போல இரு மடங்கு நீளும். உங்கள் முட்டை வடிவம் அதுதான். ஒரு தாள் ஒட்டிய பரீட்சை அட்டையை ஒளிக்கு நேர்குத்தாகச் சாய்த்துப் பிடித்தால் வட்டம் கிடைக்கும். கதிர் எந்தச் சாய்வில் வருகிறது என்று தெரிய, சாம்பிராணிப் புகை போட்டால் போதும், கோடு போல நிற்கும். அந்தக் கோட்டோடு டேப்பை வைத்து துளையிலிருந்து அட்டைவரை அளக்க வேண்டும், செங்குத்தாக அல்ல. பொட்டின் மங்கல் ஓரத்தின் நடுவிலிருந்து எதிர் ஓரத்தின் நடுவரை அளந்தால், துளையின் அகலத்தைத் தனியாகக் கழிக்கும் வேலை இல்லை. தூரத்தைப் பொட்டின் விட்டத்தால் வகுத்து, கிடைத்த விகிதத்தால் சூரியனின் தூரமான 15 கோடி கி.மீ.யை வகுக்கச் சொல்லுங்கள். 108 வந்திருந்தால் விட்டம் கிட்டத்தட்ட 13.9 லட்சம் கி.மீ. பிள்ளைகளுக்கு 100 வரலாம், 115 வரலாம். மோசமில்லை.

துளையைச் சிறிதாக்கச் சிறிதாக்கப் படம் கூர்மையாகிக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். 3 மீட்டர் தூரத்துக்கு 2 முதல் 2.5 மி.மீ. வரைதான் லாபம். அதற்குக் கீழே போனால் ஒளி விளிம்பில் வளைந்து பரவிப் படம் மறுபடி மங்கும், வெளிச்சமும் குறையும்.

இன்னொன்று, எனக்கு இதிலேயே பிடித்தது: பொட்டின் ஓரத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, கைப்பேசியில் நேரம் பாருங்கள். சூரியன் தன் விட்ட அளவு நகர 2 நிமிடம் 8 நொடி ஆகும். ஜூன், டிசம்பரில் 2 நிமிடம் 20 நொடி வரை. அதற்குள் பொட்டு தன் வட்டத்தை விட்டு முழுக்க வெளியேறி, பக்கத்தில் இன்னொரு வட்டமாக நிற்கும். பூமி சுழல்வதைத் தரையில் உட்கார்ந்து பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது.

மொட்டைமாடி:

ஓட்டு வீடு இல்லாதவர்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது. இதில் படமும் பெரிதாக வரும்.

தேவை: இரண்டு விரல் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டு (கண்ணாடிக் கடையில் வெட்டுத்துண்டு கேட்டால் சும்மாவே தருவார்கள்; ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள்), கறுப்பு சார்ட், மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பந்து, பந்து உட்கார ஒரு டம்ளர். சார்ட்டில் 6 மி.மீ. துளை போட்டுக் கண்ணாடியின் முகத்தில் ஒட்டவும். கண்ணாடியைப் பந்தில் ஒட்டவும். டம்ளர் வாயில் பந்து உட்கார்ந்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும். மணல் போடாத பந்து காற்றுக்கு ஆடும், படமும் ஆடும்.

வெயிலில் வைத்து, 20 மீட்டர் தள்ளி இருட்டான அறைக்குள் ஒளியைத் திருப்புங்கள். சுவரில் 18.5 செ.மீ. சூரியன் விழும். முழு இருட்டு வேண்டும் என்பதில்லை, ஆனால் அறை வாசல் ஒன்றைத் தவிர மற்ற சன்னல்கள் மூடியிருக்க வேண்டும். படம் நிமிடத்துக்கு 8 செ.மீ.க்கு மேல் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் சுவரில் ஒட்டிய தாளைவிடக் கையில் பிடித்த வெள்ளை அட்டை வசதி.

துளை வட்டமாக இல்லாவிட்டாலும் படம் வட்டமாகவே வரும், சதுரமாக வெட்டிக் காட்டுங்கள். கண்ணாடி பெரிதாக இருந்து துளையை மறந்துவிட்டால் 20 மீட்டரில் வெறும் திட்டுதான். மலிவான பெரிய கண்ணாடி லேசாக வளைந்திருக்கும், படம் நசுங்கும். சின்னத் துண்டு கேட்பது அதற்குத்தான்.

சூரியப் புள்ளிகள் தெரியுமா என்று அடுத்து கேட்பீர்கள். 6 மி.மீ. துளையின் மங்கல் படத்தின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய புள்ளிக் கூட்டம் வந்தால்தான் சாம்பல் அழுக்காகத் தெரியும். அப்படிப்பட்டவை எப்போதாவதுதான் வரும். தெரிந்தது புள்ளியா சுவரின் கறையா என்று அறிய அட்டையை அசையுங்கள். படத்தோடு நகர்ந்தால் புள்ளி.

பொறுமை உள்ளவர்கள் இதே இடத்தில், இதே தூரத்தில், ஜனவரி முதல் வாரமும் ஜூலை முதல் வாரமும் விட்டத்தைக் குறித்து வையுங்கள். ஜனவரியில் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஜூலையில் மிகத் தொலைவில். 20 மீட்டரில் வித்தியாசம் 6 மி.மீ. இத்தாலியின் போலோன்யா நகரில், சான் பெட்ரோனியோ தேவாலயத்தில் வானியலாளர் கசினி 1655-இல் செய்தது இதே வேலைதான், கண்ணாடி இல்லாமல். கூரையில் 27 மீட்டர் உயரத்தில் ஒரு துளை, தரையில் 67 மீட்டர் நீளக் கோடு. சூரியனுக்கு அருகில் வேகமாகவும் தொலைவில் மெதுவாகவும் கிரகம் நகர்கிறது என்று கெப்ளர் சொன்னதை, அங்கே விழுந்த படத்தின் அளவு மாற்றத்தை வைத்துச் சோதித்தார்.

எச்சரிக்கை ஒன்று: கண்ணாடிக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. கதிர் போகும் வழி ஆள் நடக்கும் பாதையில் கண் உயரத்தில் இருக்கக் கூடாது. துளை வழியே சூரியனை நேராகப் பார்ப்பதும் கூடாது. பார்ப்பதெல்லாம் சுவரில் விழுவதை மட்டும்.

திண்ணைவாசி:

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். இடியாப்பத் தட்டை வெயிலில் பிடித்தால் நிறைய சூரியன் கிடைக்க வேண்டுமே? ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்தால் தரையில் மொத்தமாக ஒரே மங்கல் வெளிச்சம்தான் வருகிறது.

நிழற்கோல்:

துளைகள் நெருக்கம். 1 மீட்டரில் ஒவ்வொரு படமும் 9 மி.மீ.; துளைகளுக்கு இடையே 4 அல்லது 5 மி.மீ.தான் இருக்கும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். மாவு சல்லடையிலும் அதே கதி. பூந்திக் கரண்டி எடுங்கள். துளை 4 மி.மீ., இடைவெளி 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அரை மீட்டர் உயரம் சரி: படம் 4.6 மி.மீ., ஓரத்தோடு 9 மி.மீ.க்குள், தனித்தனியாக நிற்கும். ஆனால் இந்த அளவில் துளையும் வட்டம், படமும் வட்டம், எது எது என்று புரியாது. கிரகண நாளில்தான் இதன் அருமை தெரியும். 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தில் கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கம் மரத்தடி நிழல் முழுக்க வளையங்கள் விழுந்தன. இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு துளை. அடுத்த வளைய கிரகணம் தென்தமிழகத்திலும் யாழ்ப்பாணப் பக்கத்திலும் தெரியப்போவது 2031 மே 21. கரண்டியைப் பத்திரப்படுத்துங்கள்.

இருட்டறை:

எல்லாரும் சூரியனையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதே துளை தெருவையும் அறைக்குள் கொண்டுவரும். ஹம்பி விருபாட்சர் கோயிலில் ராஜகோபுரம் உள்சுவரில் தலைகீழாக விழுவது இதுதான். வீட்டில் செய்ய அரை மணி நேரம் போதும்.

முதலில் சன்னலைத் தேர்ந்தெடுப்பது. பலர் தோற்பது இங்கேதான். வெயில் நேராக உள்ளே வரும் சன்னல் ஆகாது. எதிரே உள்ள வீட்டின் முகத்தில் வெயில் அடிக்க வேண்டும், உங்கள் சன்னல் நிழலில் இருக்க வேண்டும். அதனால் காலையில் மேற்குச் சன்னல், மாலையில் கிழக்குச் சன்னல். மேகம் மூடிய நாளில் முயலவே வேண்டாம்.

சன்னலைக் கறுப்பு சார்ட் இரண்டு அடுக்காக வைத்து மூடி, ஓரமெல்லாம் பழுப்பு டேப் ஒட்டுங்கள். செய்தித்தாள் ஒளியை விடும். அலுமினியத் தாளில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு மங்கல் படத்தைப் போட்டுக் குழப்பும். கதவுக்குக் கீழே பழைய துணியைச் செருகுங்கள். ஏ.சி., ரவுட்டர் விளக்குகளை மறைத்துவிடுங்கள்.

சார்ட்டில் 5 செ.மீ. சதுரத்தை வெட்டி, அந்த இடத்தில் தனி அட்டைத்துண்டு ஒன்றை ஒட்டுங்கள். துளையை இந்தத் துண்டில்தான் போட வேண்டும், அப்போதுதான் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். 15 மி.மீ.யில் தொடங்குங்கள், பிறகு 10, பிறகு 6. பெரிய துளை பிரகாசமும் மங்கலும்; சிறியது கூர்மையும் இருட்டும். துண்டு மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த அட்டையில் துளை ஒரு குழாய் மாதிரி ஆகி, படத்தின் ஓரங்களை வெட்டிவிடும்.

இப்போது விளக்கை அணைத்து பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். இதைத் தவிர்த்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதுபவர்கள்தான் அதிகம். கண் இருட்டுக்குப் பழக வேண்டும். நடுவில் கைப்பேசியைத் திறந்தால் பத்து நிமிடமும் வீண், மறுபடி முதலிலிருந்து.

எதிர்ச்சுவரில் படம் மங்கலாக இருந்தால் துளையிலிருந்து 1 மீட்டரில் வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். 3 மீட்டர் சுவரோடு ஒப்பிட்டால் 9 மடங்கு பிரகாசம், அளவு மூன்றில் ஒன்று. தெருவில் பால்காரர் வண்டி தலைகீழாக ஓடும், நிறத்தோடு, இடம் வலம் மாறி.

இதற்கும் மேல் வேண்டுமென்றால் +1.00 வாசிப்புக் கண்ணாடியின் ஒரு லென்ஸ். நடைபாதைக் கடையில் கிடைப்பதே போதும். துளையை 4 செ.மீ. ஆக்கி லென்ஸை அதில் ஒட்டுங்கள். +1.00 லென்ஸின் குவிய தூரம் 1 மீட்டர், ஆகவே வேட்டி 1 மீட்டரில். தூரத்து மரம் அங்கே கூர்மையாக இருக்கும். 10 மீட்டரில் உள்ள எதிர்வீடு கூர்மையாக வேட்டியை 11 செ.மீ. பின்னால் தள்ள வேண்டும். 1 செ.மீ. வெறும் துளையைவிட 16 மடங்கு வெளிச்சம், இலை ஆடுவதுகூடத் தெரியும். வேட்டி சுருக்கமாக இருந்தால் பாதி கூர்மை, பாதி மங்கல். இஸ்திரி போட்டதை இழுத்துக் கட்டவும். வெயில் நேராக லென்ஸில் விழும் நேரத்துக்கு முன் கழற்றிவிடுங்கள், குவியத்தில் துணி கருகலாம்.

மொட்டைமாடி:

இருட்டறை அண்ணா, ஒரு திருத்தம். சன்னலுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்தால் இடம் வலம் மாறாது, மேல் கீழ் மட்டும்தான் மாறும். சன்னலைப் பார்த்து நிற்கும்போது தெருவின் இடப்பக்கம் போகும் ஆள், சுவரைப் பார்த்துத் திரும்பினாலும் உங்கள் இடப்பக்கமே போவார். அதனால்தான் கடைப் பெயர்ப்பலகையைப் படமெடுத்து நிமிர்த்திப் பார்த்தால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் வரும். நேராக வாசிக்க வேண்டுமென்றால் வேட்டிக்குப் பின்னால் நின்று, சன்னலைப் பார்த்தபடி பாருங்கள். அங்கே இரண்டுமே மாறியிருக்கும், தலையைக் கவிழ்த்தால் எழுத்து சரியாக வாசிக்கும்.

இருட்டறை:

சரிதான். சுவருக்கு நீங்கள் சொன்னது பொருந்தும், நான் எழுதியது வேட்டிக்குப் பின்னாலிருந்து பார்ப்பதற்கு.

உச்சிவெயில்:

திண்ணைவாசிக்கு இன்னொரு வேலை: அந்தப் பொட்டை நாட்காட்டியாக்குவது. கூரை வழியே வெளிச்சம் வருவது நம் ஊருக்குப் பெரிய வசதி. ஐரோப்பியச் செய்முறைகளில் தெற்குச் சன்னலில் துளை வைக்கச் சொல்வார்கள். சென்னையில் அதைச் செய்தால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகலில் பொட்டே விழாது, ஏனென்றால் அந்த நாட்களில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. கூரைத் துளைக்கு அந்தத் தொல்லை இல்லை.

வாரத்துக்கு ஒரு நாள், கைப்பேசிக் கடிகாரத்தில் சரியாக 12:15-க்குப் பொட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, தேதி எழுதுங்கள். தரையில் சாக்பீஸ் நிற்காது. எனாமல் பெயின்ட், அல்லது வீட்டில் திட்டினால் சின்னத் துண்டு டேப். ஓராண்டில் புள்ளிகள் ஒல்லியான எட்டு வடிவம் எடுக்கும். நீளம் சூரியன் வடக்கு தெற்காக நகர்வதால். அகலம் வருவது, சூரியன் கடிகாரத்துக்குப் பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தியும் நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தியும் உச்சிக்கு வருவதால். சென்னை அட்சரேகையில் துளை 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் எட்டின் நீளம் 1.85 மீட்டர்: துளைக்கு நேர்கீழிருந்து வடக்கே ஒன்றரை மீட்டர், தெற்கே 37 செ.மீ. உங்கள் கூரை உயரத்தை வைத்து அதே விகிதத்தில் பெருக்கிக்கொள்ளுங்கள். கட்டில், பீரோ எதுவும் அந்தப் பாதையில் இருக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சில வாரம் விட்டுப்போகும், அடுத்த ஆண்டு நிரப்பலாம்.

துளைக்கு நேர்கீழே உள்ள இடத்தைக் கொத்தனாரின் தூக்குக்குண்டு வைத்துக் குறியுங்கள். நிழலில்லா நாளில், அதாவது உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும் நாளில், பொட்டு அதன்மேலேயே வந்து உட்காரும். சென்னைக்கு ஏப்ரல் 24-25, ஆகஸ்ட் 18. கோவைக்கு ஏப்ரல் 18-19. மதுரைக்கு ஏப்ரல் 16, யாழ்ப்பாணத்துக்கு 15 ஒட்டி. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10-11. நேரம் பன்னிரண்டு அல்ல. சென்னையில் ஏப்ரலில் 12:07, மதுரையில் 12:17, கோவையில் 12:21. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுவதால் மேற்கே போகப் போக உச்சி தாமதமாகும். தேதி ஒரு நாள் தவறினாலும் கவலையில்லை: 3 மீட்டர் உயரத் துளைக்கு விலகல் 2 செ.மீ.க்கும் குறைவு, பொட்டின் அகலத்துக்குள்ளேயே அடங்கும்.

வெளியே நிற்கும்போது பார்க்க ஒன்று: காகம் தாழப் பறந்தால் நிழல் கறுப்பாக ஓடும், உயர ஏறினால் காணாமல் போகும். அதே 108-தான். உடல் 10 செ.மீ. அகலம் என்றால் 11 மீட்டருக்கு மேல் அது சூரியனை முழுதாக மறைக்காது. விமானத்தின் உடல் 4 மீட்டர் அகலம். 430 மீட்டருக்கு மேல் அதன் உடலுக்கும் கறுநிழல் கிடையாது. மீனம்பாக்கம் பக்கம் இறங்கும் விமானங்களின் நிழல் மட்டும் தெருவில் தெரிவது அதனால்தான்.

திண்ணைவாசி:

எட்டு வடிவத்துக்கு ஓட்டில் புதிதாக ஒரு துளை போடலாமா? இப்போது இருக்கும் இடுக்குகள் குரங்கு நடந்தால் நகர்ந்துவிடுகின்றன.

உச்சிவெயில்:

ஓட்டைத் துளைக்காதீர்கள், ஐப்பசியில் ஒழுகும். சீமை ஓடு ஒன்றை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போடுங்கள். துளையிட்ட தகட்டை அதன் அடிப்பக்கத்தில் ஒட்டினால் ஓடு நகரும்போது துளையும் நகரும். ஆகவே கீழே ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் கட்டையில் ஒரு தகரத் துண்டை ஆணியடித்து, அதில் 6 மி.மீ. துளையுள்ள வாஷரை ஒட்டுங்கள். தகரம் குறைந்தது ஒரு சாண் அகலம் வேண்டும், சுற்றிவரும் வெளிச்சத்தை அதுதான் மறைக்கும். மழைக்காலம் முடிந்ததும் ரீப்பர் ஈரத்தில் வளைந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டு மறுபடி சரிபார்க்கவும்.